பூசா என்றால் குதிரை: குதிரைப் பண்ணைக்கு மேலாளர்கள் உருவான கதை

மார்ச் கணக்கு முடிப்பு, ஆடிட் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. ரொம்ப நாளாக மனசில் கிடந்த ஒரு விஷயத்தை இன்று எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள் :-)

டில்லித் தமிழர்களுக்குப் "பூசா" என்ற பெயர் புதிதே இல்லை. கரோல்பாக் பக்கம் குடியிருந்தவர்களுக்குப் பூசா ரோடு தெரியும். அந்த ரோட்டில் நம் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் பூசா இன்ஸ்டிட்யூட், அதாவது இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். நம்ம எம்.எஸ். சுவாமிநாதன் படித்ததும், பிறகு இயக்குநராக இருந்ததும் அங்கேதான். மளிகைக் கடைக்குப் போனால் பூசா பாஸ்மதி.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் இந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தார். அவர் பெயரின் முதல் எழுத்து 'பி', அவர் நாடு 'யூ.எஸ்.ஏ'. இரண்டையும் சேர்த்தால் பூசா!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. ஃபிப்ஸ் பணம் கொடுத்தது நிஜம். கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, 1903ஐ ஒட்டி, முதலில் 20,000 பவுண்டு கொடுத்து அதைப் பிறகு 30,000 ஆக்கினார். ஆனால் பூசா என்பது பீகாரில், இன்றைய சமஸ்திபூர் மாவட்டத்தில் இருக்கும் ஒரு ஊர். ஃபிப்ஸ் வருவதற்கு நூறு வருடம் முன்பே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏடுகளில் அந்தப் பெயர் இருக்கிறது. ஆராய்ச்சி நிறுவனம் அங்கே 1905ல் தொடங்கியது. 1934 ஜனவரியில் வந்த பெரிய பூகம்பத்தில் கட்டடம் சேதமாக, 1936ல் டில்லிக்கு மாறியது. ஊர்ப் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

நூறு வருடம் முன்பு பூசாவில் என்ன இருந்தது? கம்பெனியின் குதிரைப் பண்ணை!

நான் பி.காம் படித்து வங்கிக்கு வந்தவன். வரலாற்றை முறையாகப் படித்தவன் இல்லை. ஆனால் எந்த நிறுவனத்தைப் பற்றிப் படித்தாலும் இரண்டு கேள்விகள் தானாக வரும். பணம் எங்கே போனது? அதைப் பார்த்துக்கொள்ள ஆள் யார்? குதிரை வரலாற்றில் முதல் கேள்விக்கு நிறையப் பதில் கிடைக்கிறது. இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

பாண்டியன் வாங்கிய குதிரைகள்

முதலில் நம் ஊருக்கே போவோம். மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். அரிமர்த்தன பாண்டியன் கஜானாவிலிருந்து பொன்னைக் கொடுத்து, கரையில் இறங்கும் குதிரைகளை வாங்கி வரச் சொல்லி அமைச்சரை அனுப்புகிறான். அவர் திருப்பெருந்துறையில் அந்தப் பொன்னை இறைவன் பணிக்குச் செலவழித்துவிடுகிறார். பிறகு நரி பரியானதும் பரி நரியானதும் உங்களுக்கே தெரிந்த திருவிளையாடல். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு வங்கிக்காரன் கண்ணால் பாருங்கள். குதிரை கொள்முதல் அமைச்சர் நேரில் போக வேண்டிய அளவுக்குப் பெரிய செலவினம் என்று கதையே சொல்கிறது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாண்டியர் காலத்தில் மார்க்கோ போலோ நம் கரைக்கு வந்தார். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. அரசன் வருடத்துக்கு 2,000க்கு மேல் வாங்கப் பார்க்கிறான், அவன் சகோதரர்கள் நான்கு பேரும் அதே அளவு வாங்குகிறார்கள், ஆனால் வருடக் கடைசியில் 100 குதிரைகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார். வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் இந்தியத் துறைமுகங்களுக்கு வருடம் 10,000 குதிரைகள், ஒன்று 220 தினார் என்று கணக்குக் கொடுக்கிறார். பெருக்கிப் பாருங்கள், 22 லட்சம் பொன் தினார்! எண்கள் கொஞ்சம் ஊதியதாகவே இருந்தாலும் செலவு பெரிது என்பதில் சந்தேகமில்லை.

ஏன் செத்தன? வெயிலும் ஈரமும் ஒரு காரணம். தீவனம் இன்னொன்று. வெந்த சோறும் இறைச்சியும் போட்டார்களாம். ஆனால் மார்க்கோ போலோ அழுத்திச் சொல்வது வேறு. குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் தாங்களும் கூட்டி வருவதில்லை, மற்றவர்கள் வருவதையும் தடுத்தார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருடம் யார் வாங்குவார்கள்? நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

ஒரு வெளிநாட்டுப் பயணி சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குதிரையைப் பற்றிய நூல்கள் நம் நாட்டில் பழங்காலத்திலிருந்தே உண்டு. ஆனால் ஏட்டில் இருப்பது லாயத்தில் நிற்பவன் கைக்கு வர வேண்டுமே. அது வராதவரை வருடா வருடம் பொன் கப்பலேறிக்கொண்டுதான் இருக்கும்.

பூசாவுக்கு வந்த டாக்டர்

ஐந்நூறு வருடம் தாண்டி வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதே தலைவலி. குதிரைப்படைக்கும் பீரங்கி இழுக்கவும் குதிரை வேண்டும். வடமேற்கிலிருந்து வரும் வியாபாரிகளை நம்பினால் விலையும் ஏறுகிறது, தரமும் நிச்சயமில்லை. சொந்தமாக வளர்க்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூசாவில் பண்ணை தொடங்கினார்கள். (நம் ராணுவத்தின் ரிமவுண்ட் அண்டு வெட்டர்னரி கோர், அதாவது குதிரைகளையும் கால்நடை மருத்துவத்தையும் பார்த்துக்கொள்ளும் பிரிவு, தன் பிறந்த நாளை 1779 டிசம்பர் 14 என்றே கொண்டாடுகிறது. அதன் பயிற்சி மையம் டில்லிக்குப் பக்கத்தில் மீரட்டில்.)

பணம் இருந்தது, நிலம் இருந்தது, குதிரைகளும் இருந்தன. நல்ல குதிரைதான் வரவில்லை. கடைசியில் 1808ல் லண்டனிலிருந்து வில்லியம் மூர்கிராஃப்ட் என்பவரைக் கண்காணிப்பாளராக அனுப்பினார்கள்.

இவர் எப்படித் தொழில் கற்றார் என்பதைக் கவனியுங்கள். லங்காஷயர்காரர். முதலில் லிவர்பூலில் ஒரு அறுவை மருத்துவரிடம் பயிற்சி ஆளாகச் சேர்ந்து மனித வைத்தியம் பழகினார். அந்த வட்டாரத்தில் மாடுகளுக்குக் கொள்ளைநோய் வந்தபோது, பிராணிகளுக்கு முறையான வைத்தியர் ஒருவர்கூட இங்கிலாந்தில் இல்லை என்பது உறைத்தது. உடனே பிரான்சில் லியோன் நகருக்குப் போனார். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1762ல் அங்கேதான் திறந்தது. அப்படி முறையாகப் படித்துத் தேறிய முதல் ஆங்கிலேயர் மூர்கிராஃப்ட்தான். லண்டனில் கால்நடைக் கல்லூரி 1791ல்தான் தொடங்கியது. 1794ல் அதன் தலைமைப் பொறுப்பு இவருக்கும் இன்னொருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. சில வாரங்களில் விட்டுவிட்டு வந்துவிட்டார். லாடத்தை இயந்திரத்தில் செய்கிறேன் என்று இறங்கிக் கைப்பணத்தையும் இழந்தார். அந்த நிலையில்தான் இந்திய வேலை வந்தது.

பூசாவில் அவர் செய்தது ஒரு நல்ல மேலாளர் செய்வதுதான். உதவாத குதிரைகளைக் கழித்தார். கொள்ளுக்குப் பக்கத்தில் ஓட்ஸ் பயிரிட்டுத் தீவனத்தை மாற்றினார். பண்ணைக்கு வெளியே, சுற்றுவட்டார விவசாயிகளிடம் பெட்டைக் குதிரைகளை விட்டு, அவற்றின் குட்டிகளைக் கம்பெனி விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. இன்றைய பால் கூட்டுறவுக்கும் ஒப்பந்தக் கோழிப் பண்ணைக்கும் தாத்தா மாதிரி!

ஆனால் மூர்கிராஃப்டுக்கு ஒரே ஏக்கம். நல்ல பொலிகுதிரை இல்லாமல் இனம் தேறாது. அது துருக்கமானியர் நாட்டில், புகாராவில் இருக்கிறது. இந்த நினைப்பு அவரை விடவே இல்லை. 1812ல் கோசாயி வேஷம் போட்டுக்கொண்டு இமயமலையைத் தாண்டி மானசரோவர் வரை போய்விட்டு வந்தார். 1819ல் மறுபடி கிளம்பினார். லடாக், காஷ்மீர், ஆப்கானிஸ்தான் என்று சுற்றி 1825 பிப்ரவரியில் ஒருவழியாகப் புகாரா போய்ச் சேர்ந்தார். திரும்பும் வழியில் அதே வருடம் ஆகஸ்டில் அந்த்கோய் என்ற ஊரில் காய்ச்சலில் இறந்துபோனார். கூடப் போன இரண்டு துணைவர்களும் அதே வருடம் அடுத்தடுத்து இறந்தார்கள். அவருடைய பயணக் குறிப்புகள் 16 வருடம் கழித்து, 1841ல்தான் அச்சில் வந்தன.

மூர்கிராஃப்டை இமயமலைப் பயணியாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பண்ணையில் நாள் முழுக்கக் குதிரையோடு இருந்தவர்கள் லாயக்காரர்கள். எந்தப் பெட்டை எப்போது ஈனும், எது உதைக்கும், எது தீனி எடுக்காது என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருந்திருக்கும். அவர்கள் யாரும் கண்காணிப்பாளர் நாற்காலிக்கு வர வழியில்லை. அது வெள்ளைக்காரர் நாற்காலி. நாற்காலியில் இருந்தவருக்கோ அறிவு இருந்தது, ஆனால் அது அவர் தலையோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே இருக்கும் அறிவும் கீழே இருக்கும் அறிவும் சந்திக்க ஒரு படிக்கட்டு இல்லை.

பண்ணை அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து "வேலர்" என்ற குதிரைகள் கப்பலில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்து குவிய ஆரம்பித்தன. 1870களில் பூசா பண்ணை மூடப்பட்டது. மறுபடி இறக்குமதிதான். பாண்டியன் காலத்துக் கதையே திரும்பிவிட்டது, கப்பல் வரும் திசை மட்டும் வேறு. நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஓசூர் பக்கம் மத்திகிரியில் இருக்கும் அரசுக் கால்நடைப் பண்ணை 1824ல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கியதுதான். இன்று மாடு, ஆடு, கோழிக்குத்தான் பெயர் பெற்றது.

ஃபிப்ஸ் வீட்டு மருமகள்

பூசாவுக்குப் பணம் கொடுத்த அந்த ஹென்றி ஃபிப்ஸை விட்டுவிடாதீர்கள். அவர் பணம் போனது பழைய குதிரைப் பண்ணை நிலத்தில் கட்டிய பயிர் ஆராய்ச்சிக்கு. ஆனால் அவர் குடும்பம் இறங்கியது எதில் தெரியுமா? பந்தயக் குதிரை வளர்ப்பில்! அவருடைய மருமகள் கிளாடிஸ் மில்ஸ் ஃபிப்ஸ், அமெரிக்காவின் பெரிய குதிரை வளர்ப்பாளர்களில் ஒருவர். 2003ல் சினிமாவாக வந்ததே "சீபிஸ்கட்", அந்தக் குதிரை அவருடைய வீட்லி ஸ்டேபிளில் பிறந்ததுதான். தேறாது என்று 1936ல் 8,000 டாலருக்கு விற்றுவிட்டார்கள். பிறகு அது ஊரையே கலக்கியது.

அவருடைய இன்னொரு குதிரை போல்ட் ரூலர், கென்டக்கி மாநிலத்தில் ஹான்காக் குடும்பத்தின் கிளெய்போர்ன் பண்ணையில் பொலிகுதிரையாக இருந்தது. அதோடு இணை சேர மற்றவர்கள் பெட்டைகளை அனுப்பினால், பிறக்கும் குட்டிகளைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். 1969ல் கிளாடிஸின் மகன் ஆக்டன் ஃபிப்ஸும் பென்னி செனரி என்ற பெண்மணியும் குட்டிகளைப் பங்கு போட நாணயம் சுண்டினார்கள். ஃபிப்ஸ் ஜெயித்தார், ஒரு பெண் குட்டியை எடுத்துக்கொண்டார். அது ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. தோற்ற செனரிக்குக் கிடைத்தது, அப்போது தாய் வயிற்றில் இருந்த குட்டி. அதுதான் செக்ரடேரியட். 1973ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்து, கடைசியில் 31 குதிரை நீள வித்தியாசத்தில் வந்த செக்ரடேரியட்!

இங்கேதான் நம் விஷயம் வருகிறது. 1972ல் கிளெய்போர்ன் பண்ணையின் பெரியவர் புல் ஹான்காக் இறந்துபோனார். இரண்டு மகன்கள். மூத்தவர் ஆர்தர், இளையவர் சேத். பண்ணையை யாரிடம் விடுவது? ஆலோசகர்கள் (அதில் ஆக்டன் ஃபிப்ஸும் ஒருவர்) இளையவரைச் சொன்னார்கள். சேத்துக்கு 24 வயதுகூட ஆகவில்லை. தந்தையிடம் வேலை பழகியது கொஞ்ச காலம்தான். அடுத்த சில மாதத்திலேயே, 1973 பிப்ரவரியில், செக்ரடேரியட்டின் இனப்பெருக்க உரிமையை 32 பங்காகப் பிரித்து, ஒரு பங்கு 1,90,000 டாலர் என்று விற்றுக் காட்டினார். மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம் டாலர், அன்றைய தேதிக்குச் சாதனை. செனரி குடும்பத்துக்கு வாரிசு வரி கட்ட வேண்டிய அவசரம் வேறு இருந்தது. குட்டி பிறக்க வைப்பதோடு பங்கு, வரி, காப்பீடு, ஒப்பந்தம் எல்லாம் தெரிந்தால்தான் பண்ணை மேலாளர் என்பது அந்த ஒரு விற்பனையிலேயே தெரிகிறது.

சரி, ஒதுக்கப்பட்ட அண்ணன் ஆர்தர்? மனம் உடைந்தாலும் தொழிலை விடவில்லை. ஸ்டோன் ஃபார்ம் என்று தனியாக நடத்தினார். அவர் கூட்டாக வளர்த்த கேட்டோ டெல் சோல் 1982ல் கென்டக்கி டெர்பி ஜெயித்தது. 1989ல் அவர் பங்குதாரராக இருந்த சண்டே சைலன்ஸும் ஜெயித்தது. நாற்காலி தம்பிக்குப் போனாலும், லாயத்தில் வளர்ந்த கைப்பழக்கம் அண்ணனோடுதான் போனது.

அந்தச் சண்டே சைலன்ஸை அமெரிக்காவில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஜப்பானின் யோஷிதா குடும்பம் வாங்கிக்கொண்டு போனது. அது சும்மா காசு இருந்ததால் நடந்த வியாபாரம் இல்லை. 1970களிலேயே ஸென்யா யோஷிதா கென்டக்கியில் ஒரு பண்ணையை வாங்கி, தன் மகன் தெருயாவை அங்கே வேலை பார்க்க அனுப்பியிருந்தார். பையன் அங்கே பழகினான், மனிதர்களைத் தெரிந்துகொண்டான், குதிரையைப் பார்க்கக் கற்றான். 1995லிருந்து 2007 வரை 13 வருடம் தொடர்ந்து ஜப்பானின் முதல் இடப் பொலிகுதிரை சண்டே சைலன்ஸ்தான். இன்று உலகப் பந்தயங்களில் ஜப்பானியக் குதிரைகள் என்றால் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

பாண்டியனும் வாங்கினான், யோஷிதாவும் வாங்கினார். யோஷிதா முதலில் மகனை அனுப்பினார்.

ஜாதகம் பார்த்த பண்ணையில் ஒரு பள்ளிக்கூடம்

மகன் இருப்பவர்கள் மகனை அனுப்பலாம். மற்றவர்கள்? இதற்குப் பதில் அயர்லாந்தில் கிடைத்தது.

கில்டேர் வட்டாரத்தில் டல்லி என்ற இடத்தில் 1900ல் ஹால் வாக்கர் என்ற மதுபான ஆலைக் குடும்பத்துக் கர்னல் ஒரு பண்ணை தொடங்கினார். நம்மாட்களுக்கு ரொம்பப் பிடிக்கும் மனிதர். ஒவ்வொரு குட்டி பிறந்ததும் ஜாதகம் கணிப்பார்! கிரக நிலை சரியில்லை என்றால் குட்டியை விற்றுவிடுவார். நிலா வெளிச்சமும் நட்சத்திர வெளிச்சமும் குதிரை மேல் விழ வேண்டும் என்று லாயக் கூரையில் திறப்பு வைத்துக் கட்டினார். அவர் வளர்த்த மினோரு என்ற குதிரை, மன்னர் ஏழாம் எட்வர்டின் நிறத்தில் ஓடி 1909ல் டெர்பி ஜெயித்ததும் நிஜம். ஜாதகத்தாலா, இல்லை நல்ல பெட்டைகளைத் தேடிப் பிடித்து வாங்கியதாலா என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன் :-)

1915ல் அந்தப் பண்ணையைப் பிரிட்டிஷ் அரசுக்கே கொடுத்துவிட்டார். 1943ல் அது அயர்லாந்து அரசின் கைக்கு வந்து, ஐரிஷ் நேஷனல் ஸ்டட் ஆனது. 1970ல் மைக்கேல் ஆஸ்பர்ன் என்ற கால்நடை மருத்துவர் மேலாளராக வந்தார். அடுத்த வருடமே, 1971ல், குதிரை வளர்ப்புக்கு ஒரு தங்கிப் படிக்கும் பயிற்சி ஆரம்பித்தார்.

படிப்பு சுமார் ஆறு மாதம். ஜனவரியில் ஆரம்பம். ஏன் ஜனவரி? வடகோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் பிறந்த நாள் ஜனவரி 1 என்று விதி. டிசம்பர் 31ல் பிறந்த குட்டிக்கு மறுநாளே ஒரு வயது! நம் மார்ச் 31 மாதிரிதான். அன்று சாயங்காலம் கொடுத்த கடனும் அந்த வருடக் கணக்கில் ஏறிவிடும் இல்லையா. அதனால் எல்லோரும் வருடத் தொடக்கத்திலேயே குட்டி பிறக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். பெட்டை பருவத்துக்கு வருவது சுமார் 21 நாளுக்கு ஒரு முறை. ஒரு முறை தவறவிட்டால் மூன்று வாரம் போச்சு. இரண்டு மூன்று முறை தவறினால் வருடமே போச்சு. பந்தய இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதியே கிடையாது, நேரடியாக இணை சேர வேண்டும். எனவே பிப்ரவரி முதல் ஜூன் வரை பண்ணையில் தூக்கம் கிடையாது.

அந்தத் தூக்கமில்லாத மாதங்கள்தான் வகுப்பறை. பகலில் சாணி அள்ளி லாயம் கழுவுவது, பெட்டைகளை நடத்திக்கொண்டு போவது, பருவம் பார்ப்பது, மருத்துவருக்கு உதவுவது, எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது. மாலையில் பாடம். முறை வைத்து இரவுக் காவல். ஏனென்றால் குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனப்பாடம். குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கிறது. முதல் நாளுக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போகாவிட்டால் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நஞ்சுக்கொடி விழாத குதிரையின் முன்னால் தனியாக நின்று, டாக்டரை எழுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதை எந்தப் புத்தகம் கற்றுக்கொடுக்கும்?

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பெரிய பண்ணைக்காரர் மகனும் லாயத்தில் வேலை பார்த்த பிள்ளையும் ஒரே சாணிக்கூடையைத்தான் தூக்க வேண்டும். பூசாவில் இல்லாத படிக்கட்டு இதுதான். இங்கே படித்தவர்கள் பல நாடுகளில் பண்ணை மேலாளர்களாகப் போனார்கள்.

2003ல் துபாய் ஷேக் முகமதுவின் டார்லி நிறுவனம் இன்னொரு படி மேலே போனது. "ஃப்ளையிங் ஸ்டார்ட்" என்று இரண்டு வருடப் பயிற்சி. வருடத்துக்கு 12 பேர்தான். முழுச் செலவும் நிறுவனத்துடையது. அயர்லாந்து, இங்கிலாந்து, கென்டக்கி, ஆஸ்திரேலியா, துபாய் என்று சுற்றிப் பண்ணை, ஏலம், பந்தய நிர்வாகம், நிதி எல்லாம் கற்கிறார்கள். மார்க்கோ போலோவின் வியாபாரிகள் வைத்தியர் வருவதைத் தடுத்தார்கள். இவர்கள் காசு கொடுத்துக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுக்கிறார்கள். தர்மம் என்று நினைக்க வேண்டாம், தொழில் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் தன் குதிரையையும் பார்க்க ஆளிருக்காது என்ற கணக்குத்தான்.

நமக்கு என்ன?

"நாம் என்ன பந்தயக் குதிரையா வளர்க்கப் போகிறோம்?" என்று கேட்பீர்கள். குதிரை ரேஸ் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கும் நான் வரவில்லை. ஆனால் குதிரைப் பண்ணையிலிருந்து எது கிளைக்கும் என்று சொல்ல முடியாது. புனேயில் பூனாவாலா குடும்பத்தின் பண்ணையில் ஓடி ஓய்ந்த குதிரைகளை சீரம் தயாரிக்க மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தார்கள். அந்த சீரத்தை நாமே தயாரித்தால் என்ன என்ற யோசனையில் 1966ல் பிறந்ததுதான் சீரம் இன்ஸ்டிட்யூட். கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட நம்மில் பலர் அந்த லாயத்துக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்.

என் தொழிலில் இருந்து ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். வங்கியில் அதிகாரியாகச் சேர்ந்தால் இரண்டு வருடம் புரொபேஷன். எல்லா சீட்டிலும் உட்கார வேண்டும். கேஷ், கிளியரிங், நகைக்கடன், விவசாயக் கடன். 2000-01ல் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து அனுபவசாலிகள் கூட்டமாக வெளியேறிவிட்டார்கள். சில வருடம் கழித்து நான் சேர்ந்த கிளையில் சொல்லிக்கொடுக்க மிஞ்சியவர் தலைமைக் காசாளர் ஒருவர்தான். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பார். "தம்பி, எண்ணும்போது நோட்டைப் பார்க்காதே, கேள்" என்பார். நோட்டுக்குச் சத்தம் உண்டு என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்துவிட்டு முகத்தைச் சுளிப்பார், அதைப் படிக்கத் தெரிந்த மேலாளர் பிழைத்துக்கொள்வார். இப்போது பயிற்சியில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் திரையில் முடிந்துவிடுகிறது. கடைசியில் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது.

நம் நாட்டிலும் குதிரை அறிவுக்குப் பஞ்சமில்லை. மார்வாரி, கத்தியவாரி இனங்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஹிசாரில் 1985லிருந்து தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆனால் மேலாளர் நாற்காலிக்கு வரும் வழி பெரும்பாலும் மூன்றுதான்: கால்நடை மருத்துவப் பட்டம், ராணுவம், அல்லது முதலாளியின் மகனாகப் பிறப்பது. அப்பா, தாத்தா காலத்திலிருந்து லாயத்தில் நிற்கும் ஒரு பையன், அவனுக்குத் தெரிந்ததைப் பாடமாகவும் பதவியாகவும் மாற்றிக்கொள்ள ஒரு வாசல் திறந்தால், மூர்கிராஃப்ட் தேடி அலைந்ததில் பாதி நமக்கு வீட்டிலேயே கிடைக்கும் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் பிள்ளைகளில் யாராவது மிருகங்கள் மேல் ஆசையாக இருந்தால், "இதெல்லாம் ஒரு படிப்பா" என்று உடனே வாயை அடைத்துவிடாதீர்கள். நாய், மாடு, குதிரை எதுவானாலும் அதை வளர்ப்பதும், வளர்க்கும் இடத்தை நிர்வகிப்பதும் தனித் தொழில். அதற்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது. முதல் பாடம் மட்டும் சாணி அள்ளுவது.

உங்கள் ஊர்ப் பக்கம் பழைய குதிரை லாயம், ரிமவுண்ட் டிப்போ ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அங்கே வேலை பார்த்த தாத்தாக்கள் யாராவது வீட்டில் இருந்தால், இந்த லீவில் ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வாருங்கள்.